பயிற்சிக்குப் போன பெண்ணும் பாதை தவறிய பிள்ளைகளும்



"என் பெண் நர்ஸுக்குப் படிக்கிறாள்" என்று ஒருத்தி சொன்னால் "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்கிறோம். டீச்சர் வேலை, பாங்க் வேலை என்றாலும் அப்படித்தான். "சமூகப்பணி படிக்கிறாள்" என்று சொல்லிப் பாருங்கள். "அதுல என்ன வேலை கெடைக்கும்?" என்பது முதல் கேள்வி. "எதுக்கு இந்தப் பொல்லாப்பு?" என்பது இரண்டாவது கேள்வி. என் நாத்தனார் பெண் எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்த நாளிலிருந்து இந்த இரண்டுக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரிக்குப் பக்கம் என்பதால் கோட்டக்குப்பத்தில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள்.

இது நேற்று முளைத்த படிப்பு அல்ல. 1936-லேயே பம்பாயில் டாடா அறக்கட்டளை இதற்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. நம் சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப்பணிப் பள்ளியை நிறுவினார். புத்தகம் பாதி, களப்பணி பாதி என்பதுதான் இந்தப் படிப்பின் விசேஷம். தையல் புத்தகத்தை மனப்பாடம் செய்து யாராவது ரவிக்கை தைக்கக் கற்றிருக்கிறார்களா? துணியில் கத்திரி வைத்தால்தானே கை பழகும்! அதுபோல மருத்துவமனை, முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம் என்று இந்தப் பிள்ளைகளை அனுப்பி விடுகிறார்கள். வருஷக் கடைசியில் ஒரு மாதம் ஒரே இடத்தில் தொடர்ந்து பயிற்சி எடுக்கவேண்டும்.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கிடைத்தது பாதை தவறிய பையன்களைத் தங்கவைத்து, சிகிச்சையும் படிப்பும் கொடுக்கிற ஓர் இல்லம். பெயர் வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், அங்கே பஸ் மாறிப் போகிற தூரம். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பையன்கள். சிலர் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவர்கள். சிலர் போதைக்குப் பழகியவர்கள். சிலர் வீட்டை விட்டே ஓடி ரயில்வே ஸ்டேஷனில் படுத்துக் கிடந்தவர்கள்.

விஷயம் தெரிந்ததுமே நாத்தனாரிடமிருந்து போன் வந்துவிட்டது. "அண்ணி, கஞ்சா அடிக்கிற பசங்க இருக்கிற எடமாமே! வயசுப் பொண்ண அங்க அனுப்பலாமா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா என்னன்னு சொல்றது?"

பெற்ற வயிறு. பயப்படாமல் இருக்குமா? "நீ பதறாதே. நானும் உங்க அண்ணனும் நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றோம். சரியில்லன்னா நானே வேணாம்னு சொல்லிடுவேன்" என்றேன்.

நாங்கள் போய்ப் பார்த்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். வாசலிலேயே பலகை இருந்தது. இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்த எண் அதில் எழுதியிருந்தது. உள்ளே சுவரில், பையன்கள் கண்ணில் படுகிற உயரத்தில், 1098 என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள். ஆபத்தில் இருக்கிற எந்தக் குழந்தையும் காசில்லாமல் கூப்பிடக்கூடிய எண் அது. புகார்ப் பெட்டி ஒன்றும் தொங்கியது. ஆலோசனை அறையின் கதவில் கண்ணாடி பதித்திருந்தது. உள்ளே யார் இருந்தாலும் வெளியிலிருந்து தெரியும். பேசுவது மட்டும் கேட்காது.

நான் நேரே சமையலறைக்குப் போய்விட்டேன். ஒரு வீட்டின் லட்சணத்தை அடுப்படியில் பார் என்று என் மாமியார் சொல்வார். பெரிய பாத்திரத்தில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியில் வண்டு இல்லை. கழிப்பறையையும் எட்டிப் பார்த்தேன், தாழ்ப்பாள் இருந்தது. பையன்கள் எங்களைப் பார்த்ததும் பயந்து எழுந்து நிற்கவில்லை. ஒருவன் "யாரு வந்திருக்காங்க?" என்று சத்தமாகக் கேட்டான். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. அடி வாங்குகிற பிள்ளை அப்படிக் கேட்காது.

பொறுப்பாளர் அம்மாள் ஐம்பது வயதிருக்கும். எங்கள் பெண்ணுக்கு முன்பே விதிகளைப் படித்துக் காட்டினார். எந்தப் பையனோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. சொந்தப் போன் நம்பர் கொடுக்கக்கூடாது. பணமோ பரிசோ கொடுக்கக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது. நிறைவேற்ற முடியாத வாக்குக் கொடுக்கக்கூடாது. மாலை ஐந்து மணிக்குமேல் அங்கே இருக்கக்கூடாது. பெண் ஊழியர் ஒருவர் எப்போதும் கூப்பிடு தூரத்தில் இருப்பார். வாரம் ஒருநாள் பொறுப்பாளரிடம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்லவேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு உள்ள இடத்தில் என் பெண்ணாக இருந்தாலும் விடுவேன் என்று நாத்தனாருக்குச் சொல்லிவிட்டேன். அரை மனசாகத்தான் சம்மதித்தாள்.

கேள்வி கேட்காதே, கூட இரு

போன முதல் நாளே உபதேசம் செய்யப்போகிறோம் என்று நினைத்து நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினாள் எங்கள் பெண். சாயங்காலம் வந்தவள் முகம் தொங்கிப்போயிருந்தது. "அத்தை, ஒரு வாரத்துக்கு யாரையும் ஒண்ணும் கேக்கக்கூடாதாம். அவங்க கூட இருந்தாப் போதுமாம்" என்றாள்.

யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய நியாயம் இருக்கிறது. அந்தப் பையன்களைப் போலீஸ் கேட்டிருக்கும், பள்ளிக்கூடம் கேட்டிருக்கும், அக்கம்பக்கம் கேட்டிருக்கும். "ஏன்டா இப்படிச் செஞ்சே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவர்கள் அவர்கள். அதனால் இவள் காலையில் அவர்களோடு தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்தாள். மத்தியானம் கேரம் ஆடினாள்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகிறது தெரியுமா? ஆறு மணிக்கு எழுந்திருக்கவேண்டும். உடற்பயிற்சி, குளியல், காலைப் பலகாரம். அதன்பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பிறகு பாடம், கைத்தொழில், விளையாட்டு. ஒவ்வொரு பையனுக்கும் வாரத்தில் தனி ஆலோசனை. மனநல டாக்டர் குறிப்பிட்ட நாளில் வருவார், தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரை. இரவு குறித்த நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். கேட்டால் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். சாப்பாடு எப்போது வரும், அப்பா எந்த நிலையில் வீட்டுக்கு வருவார் என்பதே தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு, நேரத்துக்கு நடக்கிற ஒரு நாளே பாதி மருந்து. மீதிப் பாதிதான் டாக்டரும் ஆலோசகரும்.

ஒரு பையனின் கதை

வீட்டில் வந்து பையன்களின் பெயரையோ ஊரையோ அவள் ஒருநாளும் சொன்னதில்லை. "ஒரு பையன்" என்றுதான் பேசுவாள். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியே விடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நானும் வயது, குடும்பம் எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

பதினைந்து வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கூடையில் மீன் விற்கிறவள். அப்பா இல்லை. உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற கூல் லிப்பில் ஆரம்பித்து, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை முகர்வதில் போய் நின்றிருக்கிறான். பிறகு மாத்திரை. ஒருநாள் அம்மாவின் காதுத் தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டான். இல்லத்துக்கு வந்தும் யாரோடும் பேச்சே கிடையாது. எங்கள் பெண்ணோடு கேரம் மட்டும் ஆடுவான். பத்து நாள் வாய் திறக்காமல் ஆடினான். பதினோராம் நாள், காயை அடித்துக்கொண்டே, "அக்கா, உங்க வீட்ல வஞ்சிரம் வறுப்பாங்களா?" என்று கேட்டானாம். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி இருந்தாள்.

அதற்கு மூன்று நாள் கழித்துத்தான் சோதனை வந்தது. "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஆரம்பித்து, அவன் பகுதியில் இருக்கிற பெரிய பையன் ஒருவன் தன்னிடம் பொட்டலங்களைக் கொடுத்து அங்கே இங்கே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வான், மறுத்தால் அடிப்பான், சூடு கூட வைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்குப் போனால் மறுபடியும் அவன் கையில்தான் மாட்டவேண்டும் என்று பயந்து நடுங்கினான்.

ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மறைக்கக்கூடாது. பொறுப்பாளரிடம் சொல்லியே ஆகவேண்டும். அந்த விதியை முதல் நாளே பையன்களுக்கும் சொல்லியிருந்தார்கள். "நீ சொன்னதை அம்மாகிட்ட சொல்லத்தான் போறேன். உனக்கு அடி விழக்கூடாதுன்னுதான். நீயும் கூட வா" என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போய்ச் சொன்னாள். அவன் வரவில்லை. கேரம் பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அன்று இரவு எங்கள் பெண் சாப்பிடவில்லை. "என்னை நம்பிச் சொன்னான் அத்தை. நான் துரோகி ஆயிட்டேன்" என்று அழுதாள். எப்படியோ சேதி நாத்தனாருக்குப் போய், "போதும், பொட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்கு வா" என்று அவளும் ஒருபக்கம் அழுகை. மோர் சாதத்தைப் பிசைந்து அவள் கையில் கொடுத்துவிட்டு நான் சொன்னது இதுதான்: "காய்ச்சல் அடிக்கிற புள்ளைக்குக் கசப்பு மருந்து கொடுத்தா அது நம்மளத் திட்டத்தான் செய்யும். அதுக்காகக் கொடுக்காம விட்டுடுவோமா?" மறுநாள் அவள் போனாள்.

சட்டம் யார் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுப்பாளர் அம்மாள் அவளுக்கு விளக்கியிருக்கிறார். தாய்மார்களாகிய நமக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். 2015-ம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒரு குழந்தையை வைத்துப் போதைப்பொருளைக் கடத்துவது, விற்க வைப்பது ஏழு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கக்கூடிய குற்றம். டாக்டர் சொல்லாமல் ஒரு குழந்தைக்கு மதுவோ, போதைப் பொருளோ, புகையிலையோ கொடுத்தால்கூட அதே தண்டனைதான். பொட்டலம் சுமந்த பிள்ளையைக் காப்பாற்றுவதற்காகப் போட்ட சட்டம் அது. ஆகவே, குழந்தைகள் நலக் குழுவுக்கு விஷயத்தைச் சொல்லி, அவன் திரும்பிப் போகும் இடத்தைப் பற்றி யோசிக்க ஏற்பாடு நடந்தது. அம்மாவின் சம்மதத்தோடு, வேறு ஊரில் இருக்கிற தாய்மாமன் வீட்டுக்கு அனுப்புவதென்று பேசினார்கள்.

ஐந்து நாள் அவன் எங்கள் பெண் பக்கம் திரும்பவே இல்லை. ஆறாம் நாள் கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் போட்டானாம். "மன்னிச்சுட்டேன்" என்றெல்லாம் சொல்லவில்லை. "நீங்கதான் முதல்ல அடிக்கணும்" என்றானாம், அவ்வளவுதான்.

மாதம் முடிந்து அவள் வந்துவிட்டாள். சில வாரம் கழித்துக் கல்லூரி மூலமாகச் செய்தி தெரிந்தது. மாமன் வீட்டுக்குப் போன பையன் ஒருமுறை மறுபடியும் சறுக்கி, திரும்ப இல்லத்துக்கு வந்திருக்கிறான். எனக்கு மனசு விட்டுப்போனது. "அப்படியில்லை அத்தை. முன்னாடி ஓடிப்போவான். இந்த முறை அவனே மாமாகிட்ட சொல்லி, கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டு வந்திருக்கான்" என்றாள். போதைப் பழக்கம் சர்க்கரை வியாதி மாதிரி, ரத்தக் கொதிப்பு மாதிரி. அடங்கும், மறுபடி தலைதூக்கும், மறுபடியும் வைத்தியம் பார்க்கவேண்டும். ஒருமுறை சறுக்கினால் எல்லாம் வீண் என்று கைகழுவுகிறோமே, அங்கேதான் பிள்ளையைப் பறிகொடுக்கிறோம்.

நம் ஊரில் இது வராது என்று யாரும் நினைக்கவேண்டாம்

எங்கள் ஊர் எல்லையில் இருக்கிறது. கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் முத்தியால்பேட்டை, அது புதுச்சேரி. அங்கே கிடைக்கிற சரக்கு இங்கே வர ஒரு நிமிஷம் போதும். இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்குப் பக்கம் எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். அந்த வீடுகளிலெல்லாம் பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே?

குடியால் குடும்பம் அழிந்த கதை குடிசைக்கு மட்டும் சொந்தமில்லை. சென்னையில் பெரிய தொழில் குடும்பமான டி.டி.கே. குடும்பத்தின் மருமகள் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இள வயதிலேயே இழந்தவர். மூலையில் உட்கார்ந்து அழாமல், கணவர் பெயரிலேயே 1980-ல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, குடிநோயாளிகளுக்குத் தங்கும் சிகிச்சை கொடுத்தார். குடிப்பவனைக் கெட்டவன் என்று பார்த்த காலத்தில், இது ஒரு நோய், குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும் என்று சொன்னவர் அவர். மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தினார்கள். 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு குடும்பத்தலைவியின் துக்கம் எத்தனையோ வீடுகளுக்கு விளக்கானது பார்த்தீர்களா?

எல்லா இல்லமும் இல்லமல்ல

நல்ல இடத்தைப் பற்றி எழுதினேன். கெட்ட இடத்தைப் பற்றியும் எழுதாவிட்டால் பாவம் சேரும்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு விடுதியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே குண்டலப்புலியூரில், அனுமதியில்லாமல் நடந்த ஓர் ஆசிரமத்திலிருந்து 2023 பிப்ரவரியில் நூறு பேருக்கும் மேல் மீட்டார்கள். அரசாங்கத்தின் இல்லம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கமுடியாது. செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசி நாளில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அடித்ததாக ஊழியர்களே கைதானார்கள். அதன்பிறகு இத்தகைய இல்லங்களை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக 2023-ல் அரசு நியமித்தது. குழந்தைகளுக்கென்று 1920-லேயே தனிச்சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம். அந்த மண்ணில்தான் இதுவும் நடந்தது.

பணக்கார நாடான அமெரிக்காவிலும் இதே கதைதான். அடங்காத பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று ஏராளமான பணம் வாங்கிக்கொண்டு நடக்கும் விடுதிகளில் தான் பட்ட கொடுமைகளை, ஹோட்டல் குடும்பத்துப் பெண் பாரிஸ் ஹில்டன் வெளியே சொன்னார். அவரும் அவரைப் போன்றவர்களும் போராடியதன் பலனாக 2024 டிசம்பரில் அங்கே இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. பணமும் பங்களாவும் பிள்ளையைக் காப்பாற்றாது. கேள்வி கேட்கிற பெற்றோர்தான் காப்பாற்றவேண்டும்.

ஆகவே, சிகிச்சைக்காக எந்த இடத்தில் பிள்ளையைச் சேர்ப்பதாக இருந்தாலும் இவற்றைக் கவனியுங்கள்:

பதிவு இருக்கிறதா? போதை, மனநலச் சிகிச்சை இடம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். குழந்தைகள் இல்லம் என்றால் இளைஞர் நீதிச் சட்டத்தில் பதிவு வேண்டும். எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, கலெக்டர் ஆபீசில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

கூட இருக்க விடுகிறார்களா? 2017-ம் வருடத்து மனநலச் சட்டப்படி, பதினெட்டு வயது ஆகாத பிள்ளையை மனநலச் சிகிச்சை இடத்தில் சேர்த்தால், பெற்றவரோ அவர் ஏற்பாடு செய்தவரோ முழு நேரமும் கூடவே தங்கவேண்டும். பெண் குழந்தை என்றால் கூட இருப்பவர் பெண்ணாக இருக்கவேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் படுக்க வைக்கக்கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும். "விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்கிற இடமாக இருந்தால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடி, கட்டு உண்டா? சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம். "ரெண்டு போட்டாத்தான் திருந்துவான்" என்று சொல்பவரிடம் சிகிச்சை இல்லை. பையன்களின் முகத்தையும் கையையும் பாருங்கள்.

டாக்டர் யார்? பெயரைக் கேளுங்கள். எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள். என்ன மாத்திரை, எதற்கு என்பதை எழுதி வாங்குங்கள்.

வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

விடுதி வரைக்கும் போகாமல் காப்பாற்ற முடிந்தால் அதைவிட நல்லது வேறென்ன? எங்கள் பெண் கற்று வந்து எனக்குச் சொன்னதில் சில:

சட்டையில் பெயிண்ட், தின்னர், பெட்ரோல் வாடை, வாய் மூக்கைச் சுற்றிப் புண் அல்லது சிவப்பு, கண் சிவந்திருப்பது, பகலில் தூங்கி ராத்திரியில் விழித்திருப்பது, பழைய சிநேகிதர்களை விட்டுவிட்டு, வீட்டுக்குள் வராமல் தெருமுனையிலிருந்து விசில் அடிக்கிற புதுச் சிநேகிதர்கள், அஞ்சறைப் பெட்டியில் வைத்த சில்லறை குறைவது. இதில் ஒன்று மட்டும் இருந்தால் பதற வேண்டாம். மூன்று நான்கு சேர்ந்து வந்தால் கவனியுங்கள். சொல்யூஷன், தின்னர் முகர்வதை விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். மூளையைக் கெடுப்பதோடு, இதயத்தைத் திடீரென்று நிறுத்திவிடவும் கூடியது அது.

கண்டுபிடித்த அன்றே கத்தாதீர்கள். போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. மறுநாள் காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது, அப்பாவும் அம்மாவும் ஒரே குரலில் பேசுங்கள். "நீ கெட்டவன்" என்று சொல்லாமல், "உன் உடம்பு கெட்டுப்போகுது, டாக்டர்கிட்ட போகலாம்" என்று சொல்லுங்கள். இருபது வயது தாண்டிய பிறகும் மூளையின் முன்பகுதி முதிர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். பின்விளைவை யோசித்துக் கையை இழுத்துக்கொள்ளச் சொல்கிற பகுதி அதுதான். ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த யோசனையைக் கொஞ்ச காலம் நாம்தான் இரவல் கொடுக்கவேண்டும்.

அப்பாவுக்குத் தெரியாமல் பிள்ளைக்குப் பணம் கொடுத்து மூடி மறைக்கவும் வேண்டாம். இல்லத்தில் நடக்கிற பெற்றோர் கூட்டத்தில் தாய்மார்கள் அதிகமாகச் சொல்லி அழுகிற விஷயம் அதுதானாம்.

எங்கே போவது? எங்கள் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்கலாம். வீட்டிலிருந்தே பேசவேண்டுமானால் 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. காலண்டர் ஓரத்தில் இன்றே எழுதி வையுங்கள். நமக்கு வேண்டாமல் போகட்டும், பக்கத்து வீட்டுக்காவது உதவும்.

பயிற்சிக்குப் பெண்ணை அனுப்புகிற தாய்மார்களுக்கு

இப்படிப்பட்ட பயிற்சிக்குப் போகிற பெண்ணைப் பார்த்து "எதுக்கு உனக்கு இந்த வேலை?" என்று கேட்காதீர்கள். சாயங்காலம் வந்ததும் குளித்து, சூடாக ஏதாவது சாப்பிட்ட பிறகு பேசவிடுங்கள். பெயரையும் ஊரையும் துருவாதீர்கள். அவள் மனதில் இருக்கிற பாரத்தை மட்டும் கேளுங்கள். நாள்பூராவும் மற்றவர் துக்கத்தைக் கேட்டவளுக்கு ராத்திரித் தூக்கம் முக்கியம். தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல் இரண்டு வாரம் தொடர்ந்தால் பொறுப்பாளரிடமும் கல்லூரி ஆசிரியரிடமும் சொல்லச் சொல்லுங்கள். ஆள் உடைந்துபோனால் அவளால் யாருக்கு உதவமுடியும்?

என் நாத்தனார் இப்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது என்று கேட்பதில்லை. போன வாரம் அவள் தெருவில் ஒரு வீட்டில், எட்டாவது படிக்கிற பையன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுகிறான் என்று அவனுடைய அம்மா வந்து அழுதிருக்கிறாள். இவள் உடனே மகளுக்குப் போன் போட்டு, "எந்த நம்பர்டீ அது, சொல்லு, எழுதிக்கிறேன்" என்று கேட்டாள். அந்தப் பையன் இப்போது அரசு மருத்துவமனைக்கு அம்மாவோடு போய் வருகிறான். அவன் குணமாகவேண்டும் என்று நீங்களும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.